பொம்மையாய்ப் பிறந்திருக்கலாம்

ஒரகடத்தில் ஒரு பதினெட்டு மாதக் குழந்தையின் தலை, கழுத்து, மார்பு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சோதித்து, அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டுத் தருவதற்கு வசதி இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. குழந்தை பொம்மையாக இருக்க வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் என்கிற அரசு நிறுவனம் ஒரகடத்தில்தான் இருக்கிறது. காரைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்று அளக்கிற கூடம் அதில் உண்டு. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையின்படி, மோதப்போகும் காரில் இரண்டு குழந்தைப் பொம்மைகளையும் உட்காரவைக்க வேண்டும். ஒன்று 18 மாதக் குழந்தையின் அளவு, இன்னொன்று 3 வயதுக் குழந்தையின் அளவு. பொம்மையின் தலையிலும் கழுத்திலும் உணர்கருவிகள். கழுத்து எவ்வளவு இழுபட்டது, தலை எவ்வளவு முன்னே போனது என்று நொடியை ஆயிரமாகப் பிளந்து கணக்கெழுதுவார்கள். வாழ்க விஞ்ஞானம்.

அதே ஒரகடத்தில், மாத்தூரில், வல்லத்தில், லைன் வீடுகளில் கழுத்தே நிற்காத நிஜக் குழந்தை ஒன்று கிடந்தால் அதைக் கணக்கெழுத வருகிறவர் யார்? அந்தக் கேள்விக்கு மட்டும் இந்த ஒரகடம்-ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பட்டையில் உணர்கருவி பொருத்தப்படவில்லை.

நம் அரசுக்கு ஒருங்கிணைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அபாண்டம். தொழிற்பேட்டை அமைக்க 1971இல் சிப்காட் வந்தது. முதலீட்டாளரைக் கைப்பிடித்து அழைத்துப்போக 1992இல் வழிகாட்டி நிறுவனம் வந்தது. தொழில் தொடங்குவதை எளிதாக்க 2018இல் தனிச் சட்டமே வந்தது. மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, ஊரமைப்பு என்று எத்தனை துறைகள் இருந்தாலும், கோடீஸ்வரர் ஒரே சாளரத்தில் விண்ணப்பம் போட்டால் போதும். ஒவ்வொரு துறையும் இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் காரை வெளியே விட்டது. நோக்கியா 2006இல் வந்தது, 2014இல் கதவைச் சாத்திக்கொண்டு போனது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010, டைம்லர் 2012. 2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். இவ்வளவையும் செய்து முடித்த கைகளுக்கு ஒருங்கிணைப்பு வராதா என்ன?

வரும். யாருக்காக என்பதுதான் விஷயம். ஐந்நூறு கோடியோடு ஒருவர் வந்தால் ஐந்து துறைகள் அவரைத் தேடி வருகின்றன. பேசாத குழந்தையோடு ஒருத்தி வந்தால், அவள் ஐந்து துறைகளைத் தேடிப் போகிறாள்.

அந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எழுதி வைத்துக்கொண்டால் யாருக்காவது உதவும். ஆரம்ப சுகாதார நிலையமும், மாவட்ட மருத்துவமனை அளவில் இயங்க வேண்டிய மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் மக்கள் நல்வாழ்வுத் துறை. பால்வாடி, சமூக நலத் துறை. அடையாள அட்டை, உதவித்தொகை, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி மையங்களுக்கு மானியம் ஆகியவை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் பள்ளிக் கல்வித் துறை. அம்மா வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகம். ஐவருக்கும் அந்தக் குழந்தை பயனாளி. ஐவரில் ஒருவருக்கும் அது பொறுப்பு இல்லை.

மாத்தூர்ப் பக்கம் ஒரு லைன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கான்ட்ராக்ட். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். பிள்ளைக்கு ஒன்றரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாயில் ஒரு சொல் இல்லை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தாம்மா பேசும். இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்று மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கிறார். அவரைக் கேலி செய்யும் தகுதி அரசுக்குக் கிடையாது. வீட்டுக்குள் வந்து ஒரு வைத்தியமாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

நர்சம்மாவிடம் கேட்டால், “ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கும்மா, பேச்சுக்கு டாக்டரத்தான் பாக்கணும்.” பி.எச்.சி. டாக்டரிடம் போனால், “எதுக்கும் ஜி.ஹெச்.ல ஒரு தடவ காட்டிடுங்க.” காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே, “காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.” காது டெஸ்ட் எடுப்பவர் அன்றைக்கு லீவு என்றால் இன்னொரு நாள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்றால், “அப்ப வேற டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.” எல்லாம் எழுதி வாங்கிய பிறகு, “தெரபிக்கு வாரத்துல ரெண்டு நாள் வரணும்.” வாரம் இரண்டு என்றால் மாதம் எட்டு. கான்ட்ராக்ட் தொழிலாளி மாதம் எட்டு லீவு போட்டால் ஒன்பதாவது நாள் கேட்டில் அவர் கார்டு வேலை செய்யாது. வேலையோடு இ.எஸ்.ஐ.யும் போகும். அவர் போகவில்லை என்றால் அவள் தனியாக, இடுப்பில் பிள்ளையோடு, மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். இந்தச் சுற்று முடிவதற்குள் ஒன்றரை வயது இரண்டே கால் ஆகிவிட்டது. பிள்ளை வளரவில்லையே தவிர, கையிலிருக்கும் ஃபைல் நன்றாக வளர்ந்திருக்கிறது.

எட்டெழுத்து மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னதாகச் சொல்லப்படும் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். எந்த மையத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பேச்சுப் பயிற்சி என்கிற மூன்று வரித் தகவல் மட்டும் இன்னும் குரு பரம்பரை வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் இல்லை என்று தப்பிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து, ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிய வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாக் குழந்தைகளையும். சட்டம் எழுதியவருக்குக் கை தவறிவிட்டது போலிருக்கிறது.

திட்டமும் இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம். வாயில் நுழையாத பெயர் என்றாலும் வேலை நல்ல வேலை. பிறவிக் குறை, நோய், சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் பல நிலைகளைத் தேடும். நெறிமுறைப்படி இரண்டு ஆயுஷ் டாக்டர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் அடங்கிய குழு வண்டியில் ஏறி, ஒவ்வொரு பால்வாடிக்கும் ஆண்டில் இரண்டு முறை போக வேண்டும். வண்டி பால்வாடிக்கு வருகிறது. பிள்ளை எங்கே? கூத்து அங்கேதான் ஆரம்பம். ஒன்றரை வயதுப் பிள்ளை பால்வாடியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதில்லை. எடை போடும் நாளில், சத்துமாவு வாங்கும் நாளில், அம்மாவின் இடுப்பில் வந்து இடுப்பிலேயே திரும்பிப்போகும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவரின் பிள்ளைக்கு அந்த நாளும் தெரியாது, அந்த மொழியும் தெரியாது. நெருக்கிப் பிடித்தால், “அவங்க நம்ம ஏரியா லிஸ்ட்ல இல்லீங்க” என்பார்கள். கார் ஓடுவதற்கு அவர் கை நம் லிஸ்ட்டில் இருக்கிறது. பிள்ளைதான் இல்லை.

பால்வாடி டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சத்துமாவைக் கணக்கு வைக்க வேண்டும், சாப்பாட்டை மேற்பார்க்க வேண்டும், எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலையவும் வேண்டும். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை என்று ஒன்றை வெளியிட்டு, கண்டுபிடிக்கும் வேலையையும் அவர் தலையில் வைத்தது. கண்டுபிடித்தபின் எங்கே அனுப்புவது, அனுப்பிய பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? அதற்கும் அவர்தான் இருக்கிறாரே!

இத்தனைக்கும் கண்டுபிடிப்பது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. திருவனந்தபுரத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தினர் 1991லேயே ஓர் அட்டை வெளியிட்டுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்குமான 17 திறன்கள் அதில் கோடுகளாக இருக்கும். பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன திறன் எதையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஓர் அட்டை, ஒரு பென்சில், சில நிமிடம். நாமும் சளைத்தவர்கள் இல்லை. தாய்-சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் பிள்ளை சிரிக்கும், தலை நிற்கும், தவழும், நடக்கும் என்று படம் போட்டே கொடுத்திருக்கிறோம். ஊசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கையெழுத்தாக இருக்கும். படப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு இருக்கும்.

தொழிற்சாலைக்காரர்களுக்குக் கெடு என்றால் புரியும் என்பதால் பிள்ளையின் கெடுவையும் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்து நான்கு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். தவறினால் காப்பாற்றியிருக்கக்கூடிய கண் போய்விடும். கேட்கும் திறனை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்க வேண்டும். ஒரு வயதில் மழலை ஒலி இல்லை, ஒன்றரை வயதில் நடை இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த பேச்சு இல்லை என்றால் “போகப்போகச் சரியாயிடும்” என்று காத்திருக்கக் கூடாது. காரணம், மூளை தன்னைக் கட்டிக்கொள்கிற வேகம் முதல் சில ஆண்டுகளுக்குத்தான். அப்போது விளையாட்டோடு விளையாட்டாக வாரக்கணக்கில் கிடைப்பதைப் பின்னால் ஆண்டுக்கணக்கில் போராடியும் முழுசாகப் பெற முடிவதில்லை. சீட் கவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் இந்தப் பட்டையில் லைன் நிற்கும், போன் பறக்கும், சப்ளையருக்கு அபராதம் விழும். பிள்ளைக்கு ஒன்பது மாதம் தாமதமானால் ஒரு போன் அடிக்கிறதா?

கம்பெனிகள் பக்கம் வருவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அம்மா இருந்தால்தானே காப்பகம்? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்றது அந்தச் செய்தி. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டுக்காகப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்த ஊருக்கு அது தேவையான கட்டடம்தான். படுக்கைகளைக் கடைசி இலக்கம் வரை எண்ணி அறிவிக்கத் தெரிந்த கைகள், இந்தப் பட்டையில் வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருமுறையாவது எண்ணி, ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்.

அப்புறம் இருக்கிறது சமூகப் பொறுப்பு நிதி. லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு விதித்தது. செலவிடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பால்வாடிச் சுவரில் யானை வரைகிறார்கள். யானையை விடப் பெரிதாகக் கம்பெனிச் சின்னத்தையும் வரைகிறார்கள். குடிநீர் எந்திரம் வைக்கிறார்கள், எந்திரம் நின்ற பிறகும் கல்வெட்டு நிற்கிறது. ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு ஐந்து வருடச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. தெரபிஸ்ட் நெற்றியில் சின்னம் வரையவும் முடியாது.

அமெரிக்காவில் 1986இல் இதற்கென்று சட்டம் வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பற்றித் தகவல் வந்துவிட்டால் 45 நாளுக்குள் மதிப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டாக வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். டாக்டர், தெரபிஸ்ட், அலுவலகம் எல்லாரையும் துரத்துவது அவர் வேலை. அம்மாவின் வேலை இல்லை. அங்கேயும் ஆள் பற்றாக்குறை, காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் கெடு தவறினால் யாரைக் கேட்பது என்று அம்மாவுக்குத் தெரியும்.

“அது பணக்கார நாடு” என்பீர்கள். சரி, தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போவோம். அங்கே கார் ஆலை இல்லை, முதலீட்டாளர் மாநாடு இல்லை. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போகிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு மனிதர் தொடங்கியது அங்கே பிள்ளையின் வாசலுக்குப் போகிறது. ஆறு வழிச் சாலை இருந்தும் இங்கே போக முடியவில்லை.

ஆகவே ஒரு பணிவான யோசனை. பட்டையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அந்நிய நேரடி முதலீடு என்று அறிவித்துவிடுங்கள். ஒடிசாக் குழந்தைக்கு அந்நியம் என்கிற தகுதியை நாம் ஏற்கெனவே வழங்கிவிட்டோம், அரசாணைகூடத் தேவையில்லை. முதலீடு ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஒற்றைச் சாளரம் திறக்கும். தொடர்பு அதிகாரி ஒருவர் பெயரோடும் போன் எண்ணோடும் நியமிக்கப்படுவார். ஒவ்வொரு துறைக்கும் கெடு வரும். ஹிந்தியும் ஒடியாவும் பேசும் மொழிபெயர்ப்பாளர் வருவார், கொரிய மொழிக்கு வரவில்லையா? தெரபி வண்டி ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கும். தெரபி நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கும். பிள்ளை வராவிட்டால், “ஏன் சார் வரலை, நாங்க ஏதாவது சலுகை கூட்டித் தரணுமா?” என்று அதிகாரிகள் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

“விழுதுகள் மையம் இருக்கிறதே” என்று பதில் வரும். தெரியும். உலக வங்கி 2022இல் ஒப்புதல் தந்த கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில், எல்லாச் சேவையும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்று தொடங்கப்பட்டவை அந்த மையங்கள். நல்ல யோசனை. கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், நன்றி. கதவு வரைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது யார், அடுத்த வாரம் வராவிட்டால் தேடிப் போவது யார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். துறையின் பெயர் வேண்டாம். மனிதரின் பெயர்.

எழுத மாட்டீர்கள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகட்டும் என்று காத்திருப்பீர்கள். நெறிமுறைப்படி ஐந்து வயது வரைதான் பிள்ளையின் பின்னடைவு பொதுவான வளர்ச்சித் தாமதம். அதன்பிறகு அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் தரலாம். அப்போது அரசுக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடும். முகாம் போடுவீர்கள், பந்தல் போடுவீர்கள், சதவீதம் போடுவீர்கள். நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் மாதாமாதம் உதவித்தொகை.

கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழில் சதவீதத்தை மொத்தமாகப் போடாதீர்கள். பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்தது எத்தனை சதவீதம், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை ஐந்து துறைகள் சேர்ந்து கூட்டிக்கொடுத்தது எத்தனை சதவீதம் என்று தனித்தனியே எழுதுங்கள். இரண்டாவது எண்ணுக்குக் கீழே டாக்டர் கையெழுத்து வேண்டாம். ஐந்து துறைச் செயலாளர்களும் போடட்டும்.